ஒரு ரூபாய் சேர்மனும் என் கல்யாணமும்

சுருக்கெழுத்துத் தொழிலில் ஒரு கஷ்டம் உண்டு: முதலாளி பேசுவதை வேகமாக எழுதப் பழகிவிடலாம், சிரிக்காமல் எழுதத்தான் வருஷக்கணக்கில் பயிற்சி வேண்டும்.

எனக்கு அந்தப் பயிற்சியை இலவசமாகக் கொடுத்தவர் எங்கள் சேர்மன். எழுபதுகளில், மதுரை மேலமாசி வீதியில் ஒரு மாடியில் இருந்த இன்சூரன்ஸ் கம்பெனியில் நான் அவருக்கு ஸ்டெனோ. கம்பெனிப் பேரைச் சொல்லமாட்டேன், சொன்னால் சண்டைக்கு வர இன்னும் ஆள் இருக்கிறது. முதலாளி ரூம் வாசலில் நின்றுகொண்டு, 'இப்பப் போகலாமா, அவரு காபி குடிச்சப்புறம் போகலாமா' என்று காலை மாற்றி மாற்றி வைத்த சகபாவிகளுக்காக இதை எழுதுகிறேன். அந்த அனுபவம் இல்லாத புண்ணியவான்கள் தாராளமாகப் பக்கத்தைப் புரட்டிக்கொள்ளலாம்.

ஒரு விஷயத்தை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அந்தச் சமயத்தில் எனக்கு ஒரு கல்யாணம் முக்கால்வாசி முடிவாகி, மீதிக் கால்வாசியில் தொங்கிக்கொண்டிருந்தது. பெண் செல்வி, விளாங்குடியில் டீச்சர். பார்த்த அன்றே எனக்குப் பிடித்துப்போயிற்று. 'சர்க்கரை போதுமா' என்று எங்கம்மாவைக் கேட்காமல் என்னைப் பார்த்துக் கேட்டாளே, அதிலேயே அவளுக்கும் சம்மதம் என்று தெரிந்துவிட்டது. அவளுடைய அப்பா ரயில்வே குட்ஸ் ஆபீசில் கிளார்க். என் சம்பளம் நூற்று எழுபத்தைந்து என்று காதில் விழுந்ததும், மனுஷர் மிக்சர் தட்டை என் பக்கத்திலிருந்து நகர்த்தி வைத்தார். ஆவணிக்குள் முந்நூறு ஆனால் பெண் உண்டு, ஆகாவிட்டால் திண்டுக்கல்லில் கரண்ட் ஆபீஸ் மாப்பிள்ளை ரெடி என்று சொல்லிவிட்டார். அதனால் கீழே நீங்கள் படிக்கப்போகிற ஒவ்வொரு கூத்தையும் நான் ஆவணிக்கு நாள் எண்ணிக்கொண்டே நின்று பார்த்தேன் என்பதை மறந்துவிடாதீர்கள்.

போர்டைப் பார்த்து வந்தவர்

எங்கள் கம்பெனியில் எல்லாம் இருந்தது, இன்சூரன்ஸ் மட்டும் இல்லை. நான் சேருவதற்கு வெகுகாலம் முன்பே அரசாங்கம் ஆயுள் இன்சூரன்ஸ் வியாபாரத்தை மொத்தமாக எடுத்துக்கொண்டுவிட்டது. பாலிசிகள் போயின, ஏஜெண்டுகள் போனார்கள், மேஜை நாற்காலிகூடப் பாதி போயிற்று. பதிலுக்கு ஒரு நஷ்டஈட்டுத் தொகை வந்தது. அந்தப் பணத்தில் ஒரு கட்டிடத்தை வாங்கிக் கீழே நாலு கடைக்கு வாடகைக்கு விட்டார்கள். மாடியில் ஆபீஸ். போர்டில் மட்டும் இன்சூரன்ஸ் என்ற எழுத்து வருஷா வருஷம் பெயிண்ட் அடித்துப் பளபளவென்று இருக்கும். அரசாங்கம் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டு போனதே, சேர்மனை எடுத்துக்கொண்டு போக மட்டும் மறந்துவிட்டது.

ஒருநாள் திருமங்கலம் பக்கத்து ஆள் ஒருத்தர், மஞ்சள் பையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு மூச்சு வாங்க மாடி ஏறி வந்தார். மகள் பேரில் பாலிசி போடவேண்டுமாம். "அண்ணே, நாங்க இப்ப இன்சூரன்ஸ் பண்றதில்லண்ணே" என்றேன். "அப்ப போர்டு?" "அது பழைய போர்டு." "அப்ப நீங்கள்லாம் இங்க உக்காந்து என்னதான் பாக்குறீக?" நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். அக்கவுண்டன்ட் சேர்மனுடைய செலவைப் பார்க்கிறார், டிரைவர் சேர்மனுடைய காரைப் பார்க்கிறார், நான் சேர்மனுடைய கடிதங்களைப் பார்க்கிறேன். அவர் பையை மறுபடி இடுக்கிக்கொண்டு, சேர்மன் அறையின் தேக்குக் கதவை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "அப்ப இன்சூரன்ஸ் பண்ணலேன்னு ஏன் சொல்றீக தம்பி? ஒரே ஒரு ஆளுக்குப் பண்ணியிருக்கீக, ஆனா கெட்டியாப் பண்ணியிருக்கீக."

முதல் தேதி வைபவம்

எங்கள் சேர்மனுக்குச் சம்பளம் மாதம் ஒரு ரூபாய். கேலி இல்லை, நிஜமாகவே ஒரே ஒரு ரூபாய். வருமானவரி உச்சத்தில் இருந்த காலம், சம்பளமாக வாங்கினால் முக்கால்வாசியை அரசாங்கம் பிடுங்கிக்கொள்ளும். அதனால் சம்பளத்தைத் தியாகம் செய்துவிட்டார். வீட்டு வாடகை, கார், டெலிபோன், கொடைக்கானல் குளிர், குற்றாலச் சாரல், வேட்டி சலவை எல்லாம் கம்பெனி. ஒரு ரூபாய் மட்டும் அவருடைய சொந்த உழைப்பு.

முதல் தேதி காலையில் பத்து மணிக்கு நாங்கள் எல்லாரும் அவர் அறையில் வரிசையாக நிற்கவேண்டும். அக்கவுண்டன்ட் வெள்ளித் தட்டில் வெற்றிலை பாக்கு வைத்து, மேலே ஒரு புது ஒரு ரூபாய் நோட்டை வைத்து நீட்டுவார். சேர்மன் கண்ணை மூடி, நோட்டைக் கண்ணில் ஒற்றி, "இதுவே அதிகம்" என்பார். நாங்கள் கைதட்டவேண்டும். நோட்டு மடிப்பில்லாமல் இருக்கவேண்டும் என்பது கண்டிப்பு. அதற்காக டிரைவர் மாயாண்டி அண்ணன் முந்தின நாளே அம்பாசடரை எடுத்துக்கொண்டு பேங்க் பேங்காகச் சுற்றுவார். ஒரு தடவை ஊர் முழுக்கத் தேடியும் கிடைக்காமல் திருப்பரங்குன்றம் வரைக்கும் போய் வாங்கி வந்தார். காரை நிறுத்திவிட்டு என்னிடம் வந்து வியர்வையைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "தம்பி, இந்த ஒரு ரூவாச் சம்பளத்துக்கே இம்புட்டு பெட்ரோல் குடிக்குதே, அவரு அஞ்சு ரூவா கேட்டிருந்தா கம்பெனி என்னைக்கோ திவாலாகியிருக்கும்."

மாட்டுக்கு வந்த யோகம்

சேர்மன் வீட்டில் ஒரு சிந்துப் பசு. அதற்குப் புண்ணாக்கு, பருத்திக்கொட்டை, வைக்கோல் எல்லாம் கம்பெனி செலவு. கணக்கில் 'தீவனம்' என்றே பட்டவர்த்தனமாக எழுதுவார்கள், ஒளிவுமறைவே கிடையாது. ஏன் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும். அந்தப் பசுவின் பாலில்தான் ஆபீசுக்குக் காபி போடுகிறார்களாம். சரி, நியாயம்தான் என்று நீங்கள் நினைப்பீர்கள். அந்தப் பாலையும் சேர்மன் வீட்டம்மா கம்பெனிக்குக் காசுக்குத்தான் ஊற்றுவார். தண்ணீர் மட்டும் இலவசம், அதையும் அவர்களே கலந்து அனுப்பிவிடுவார்கள்.

பசு கன்று போட்டபோது 'சிறப்புப் பராமரிப்பு' என்று தனியாக ஒரு தொகை போயிற்று. அக்கவுண்டன்ட் சீனிவாசன் சார் சாந்தமானவர், பதினைந்து வருஷமாக ஒரே சம்பளத்தில் காலம் தள்ளுகிறவர். அன்றைக்கு அந்த வவுச்சரில் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பேனாவை மூடாமல் அந்தத் தொகையை இன்னொரு தரம் வாசித்தார். "என்ன சார்?" என்றேன். "ஒண்ணுமில்ல பரமசிவம். எனக்கும் மூணு பிள்ளை பொறந்துச்சு. ஒருத்தரும் ஒரு கட்டு வைக்கோல் குடுக்கல."

ராஜினாமா சீசன்

சேர்மனுடைய உத்தியோக வரலாற்றை நான் ஒவ்வொரு வருஷமும் ஆடி மாசம் டைப் அடிப்பேன். ஆடிக் கடைசியில் பங்குதாரர் கூட்டம், அதில் அவர் பேசவேண்டிய உரை. 'சாதாரண ஏஜெண்டாகச் சேர்ந்து படிப்படியாக உயர்ந்தேன்' என்று ஆரம்பிக்கும். எனக்குத் தெரிந்து அவர் ஏறிய படி இரண்டுதான். ஒன்று, கம்பெனியை ஆரம்பித்தவரின் மகள் கழுத்தில் தாலி கட்டிய மேடை. இன்னொன்று, அந்த மாமனார் காலமானதும் காலியான நாற்காலி. அதில் உட்கார்ந்தவர்தான். நாட்டில் எத்தனையோ மந்திரி மாறிவிட்டார்கள், கம்பெனியில் இன்சூரன்சே போய்விட்டது, அவர் அசையவில்லை.

ஆனால் வருஷா வருஷம் ராஜினாமா செய்வார். உரையின் கடைசிப் பாராவே அதுதான். 'எனக்கு வயதாகிறது, ராஜினாமா செய்கிறேன்' என்று கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். உடனே பின்வரிசையிலிருந்து "கூடாது! ஐயா போகக்கூடாது!" என்று ஒரு குரல் எழும்பும். அதைக் கேட்டு மொத்த ஹாலும் "கூடாது, கூடாது" என்று கத்தும், கைதட்டும். சேர்மன் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, "உங்கள் கட்டளை" என்று உட்கார்ந்துவிடுவார். பிறகு எல்லாருக்கும் அல்வாப் பொட்டலமும் காராச்சேவும். முதல் குரல் கொடுப்பவர் அவனியாபுரத்துச் சுப்பையா, ஒர்க்‌ஷாப் வைத்திருப்பவர். கையில் இருப்பது ரெண்டு பங்குதான், ஆனால் தொண்டை கணீரென்று இருக்கும். அவருக்கு மட்டும் பொட்டலம் கூட ஒன்று. ஒரு வருஷம் கூட்டத்துக்கு முன்னால் என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் காதில் சொன்னார்: "தம்பி, இந்தத் தடவ தொண்ட கட்டியிருக்கு. அல்வாவுல இன்னொரு பொட்டலம் சேத்துப் போடு, இல்லேன்னா அவரு ராஜினாமா நெசமாவே நிறைவேறிப் போகும் பாத்துக்க."

நானும் போய்க் கேட்டேன்

சித்திரை முடிந்தது, வைகாசியும் போயிற்று. ஆனி பிறந்ததும் எனக்குத் தூக்கம் போய்விட்டது. குலதெய்வத்தை வேண்டிக்கொண்டு, துவைத்த சட்டையைப் போட்டுக்கொண்டு, அவர் காபி குடித்து முடித்த நல்ல நேரம் பார்த்து உள்ளே போனேன். கல்யாணம் கூடிவரப் பார்க்கிறது, பெண் வீட்டில் சம்பளம் கேட்கிறார்கள், கொஞ்சம் இன்கிரிமென்ட் போட்டுக் கொடுத்தால் ஆயுசுக்கும் மறக்கமாட்டேன் என்று சொல்லி முடிப்பதற்குள் நாக்கு உலர்ந்துவிட்டது.

சேர்மனுக்குக் கோபமே வரவில்லை. கோபம் வந்திருந்தால்கூடத் தேவலை. ரொம்பப் பிரியமாக என்னை உட்காரச் சொன்னார். உட்காரச் சொன்னாலே காரியம் கெட்டது என்று உங்களுக்கும் தெரியும்தானே. "பரமசிவம், உனக்குச் சம்பளம் எம்புட்டு?" என்றார். "நூத்தி எழுவத்தஞ்சு சார்." "எனக்கு?" "ஒரு ரூபாய் சார்." நாற்காலியில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, கம்பெனி ஃபேன் காற்றில், கம்பெனி சலவை வேட்டியை நீவிவிட்டபடியே கேட்டார்: "அப்ப நீயே சொல்லு, யாரு யாருகிட்ட வந்து இன்கிரிமென்ட் கேக்கணும்?"

குட்ஸ் கிளார்க்கின் சோதனை

சனியன் சும்மா இருக்குமா? அந்த வாரமே செல்வியின் அப்பா சொல்லாமல் கொள்ளாமல் ஆபீசுக்கு விசாரிக்க வந்துவிட்டார். மூட்டையைக் கோணி ஊசி போட்டுக் குத்திப் பார்த்தே பழகிய மனுஷர், என்னையும் அப்படித்தான் குத்திப் பார்க்க வந்தார். போர்டைப் பார்த்தார், தேக்குக் கதவைத் தட்டிப் பார்த்தார், முகம் மலர்ந்தது. நானும் உள்ளுக்குள் பிள்ளையாருக்குத் தேங்காய் நேர்ந்துகொண்டேன். அந்த நேரம் பார்த்தா சேர்மன் கதவைத் திறந்துகொண்டு வெளியே வரவேண்டும்!

நான் அறிமுகம் செய்து வைத்தேன். சேர்மனுக்குப் புது ஆளைப் பார்த்துவிட்டால் தியாகம் பொங்கிக்கொண்டு வந்துவிடும். "வாங்க, வாங்க. நம்ம கம்பெனியில எல்லாமே எளிமை. சேர்மன் நானே மாசம் ஒரு ரூபாய்தான் வாங்குறேன்" என்றார். செல்வியின் அப்பா தேக்குக் கதவிலிருந்து கையை எடுத்துக்கொண்டார். மலர்ந்த முகம் அப்படியே சுருங்கிப்போனது எனக்குத் தெரிந்தது. அவரைப் படியிறக்கி விடப் பின்னாலேயே ஓடினேன். கடைசிப் படியில் நின்று, தோளில் கையைப் போட்டு, துக்கம் விசாரிக்கிற குரலில் கேட்டார்: "சேர்மனுக்கே ஒரு ரூவாதான் குடுக்க முடியுதுன்னா, கம்பெனியை என்னைக்கு மூடப்போறீக மாப்ள?"

டவுன் பஸ்சுக்கு நின்றவள்

இரண்டு நாள் கழித்துச் சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்தால், பஸ் நிறுத்தத்தில் செல்வி நிற்கிறாள். கையில் திருத்தவேண்டிய நோட்டுக் கட்டு. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. அக்கம்பக்கம் பார்த்துக்கொண்டு ரெண்டு முழம் தள்ளித்தான் நின்றேன். நிச்சயம் ஆகாத பெண், ஊர்க் கண் பொல்லாதது.

"அப்பா திண்டுக்கல்லுக்கு டிக்கெட் எடுக்குறேன்னு நிக்கிறாரு. ஆவணி பொறக்கட்டும்னு பிடிச்சு வச்சிருக்கேன்" என்றாள். நான் சேர்மன் சொன்னதைச் சொன்னேன். சிரிப்பாள் என்று நினைத்தேன், அவள் சிரிக்கவில்லை. வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், அந்த இடத்தில் அழுதுவிடுவேன் போல இருந்தது. பஸ் வந்துவிட்டது. ஏறிக்கொண்டே திரும்பிச் சொன்னாள்: "எனக்கு முந்நூறு வேண்டாங்க. ஆனா ஒரு ரூவா வாங்குற ஆளுக்குப் பயந்து நிக்கிற மாப்பிள்ளையும் வேண்டாம்."

சோழவந்தான் அம்மாவின் இரக்கம்

ஆடிக் கடைசி வந்தது, கூட்டமும் வந்தது. அந்த வருஷம் முன்வரிசையில் ஒரு புது ஆள், சோழவந்தான் நாகம்மாள். நாற்பத்தைந்து வயசிருக்கும். புருஷன் ரைஸ்மில் வைத்திருந்தவர், போன வருஷம்தான் தவறிப்போனார். சேர்மன் குடும்பத்துக்கு அடுத்தபடியாக நிறையப் பங்கு அவர்களிடம்தான் இருந்தது. மில்லையும் வயலையும் தனியாகவே நடத்துகிற அம்மா. அல்வாவுக்காக வரவில்லை, புருஷன் பணம் என்ன ஆச்சு என்று பார்க்க வந்திருந்தார்கள். அச்சடித்துக் கொடுத்த வரவு செலவை விரலால் தடவித் தடவி வாசித்துவிட்டு, எழுந்து நின்றார்கள்.

"ஐயா, தீவனம்னு போட்டிருக்கே, கம்பெனியில மாடு இருக்கா?"

சீனிவாசன் சார் தலையைக் குனிந்துகொண்டார். சேர்மன் மட்டும் கலங்கவில்லை. இந்தக் கேள்விக்கு அவரிடம் ஒரே பதில்தான், அதைத்தான் எடுத்தார். "அம்மா, நான் வாங்குறது மாசம் ஒரு ரூபாய். அதுல மாட்டுக்குத் தீவனம் போட முடியுமா? ஏதோ கம்பெனி பாத்துப் போடுது. என் வண்டிக்கு எண்ணெய் போடுது, என் வேட்டியைத் துவைச்சுக் குடுக்குது. எனக்குன்னு என்ன இருக்கு?" என்று குரலைத் தழதழக்க விட்டார். நல்ல தழதழப்பு. நான் சுருக்கெழுத்தில் எழுதிக்கொண்டிருந்தேன், அதற்குக் குறி கிடையாது.

நாகம்மாளின் கண்ணில் நிஜமாகவே தண்ணீர் வந்துவிட்டது. கிண்டல் என்று நினைக்காதீர்கள், அந்த அம்மாவுக்குக் கிண்டல் தெரியாது. நம்பிவிட்டார்கள்! முந்தானையால் மூக்கைத் துடைத்துக்கொண்டு ஹாலைப் பார்த்துத் திரும்பினார்கள். "கேட்டீகளா? எம்புட்டுப் பெரிய மனுஷர், ஒரு வைக்கோல் கட்டுக்கு ஆபீஸ்ல கையேந்தி நிக்கிறாரு. நமக்கு அசிங்கமா இல்ல? என் மில்லுல மூட்டை தூக்குறவன்கூடத் தன் மாட்டுக்குத் தானே தீவனம் போடுறான். ஐயாவுக்கு மாசம் ரெண்டாயிரம் சம்பளம் போடுங்க. இனிமே அவுக காரு, அவுக மாடு, அவுக வேட்டி, எல்லாம் அவுக கைக்காசுல ராசா மாதிரி பாத்துக்கிரட்டும். யாருகிட்டயும் கையேந்த வேணாம்."

சேர்மனுடைய முகத்தை நீங்கள் பார்த்திருக்கவேண்டும். சம்பள உயர்வு கிடைத்த மனுஷன் அப்படி வெளிறிப்போய் நான் பார்த்ததே இல்லை. "அம்மா, அதெல்லாம் வேண்டாம், எனக்கு ஒரு ரூபாயே அதிகம்" என்றார். "நீங்க அப்படித்தான் சொல்லுவீக" என்று நாகம்மாள் இன்னும் உருகினார்கள். "இது அஜெண்டாவிலேயே இல்லையே" என்றார். யாரோ நடுவிலிருந்து, "நீங்க வருஷா வருஷம் ராஜினாமா பண்றதுகூட அஜெண்டாவுல கிடையாதேங்க" என்றார்கள். மனுஷருக்கு வேர்த்து ஊற்றியது. கடைசியில் பதற்றத்தில் மேஜையை ஓங்கித் தட்டினார். "எனக்குச் சம்பளம் போட்டா நான் ராஜினாமா செய்வேன்!"

ராஜினாமா என்ற சொல் காதில் விழுந்ததுதான் தாமதம். பின்வரிசையில் பாதித் தூக்கத்தில் இருந்த அவனியாபுரம் சுப்பையா, பல வருஷப் பழக்கத்தில் துள்ளி எழுந்தார். "கூடாது! ஐயா போகக்கூடாது!" மொத்த ஹாலும் "கூடாது! கூடாது!" என்று கத்தியது. கைதட்டல் நிற்கவே இல்லை. சேர்மன் சுப்பையாவைப் பார்த்துக் கையைக் கையை ஆட்டினார். இன்னும் உரக்கக் கத்தச் சொல்கிறார் என்று நினைத்து அந்த மனுஷர் தொண்டை கிழியக் கத்தினார். ராஜினாமாவைக் கூடாது என்று ஹாலே தள்ளிவிட்டால் அந்த மிரட்டல் செல்லாது, மிச்சம் நிற்பது நாகம்மாள் போடச் சொன்ன சம்பளம்தானே? சீனிவாசன் சார் பதினைந்து வருஷத்தில் முதல் தடவையாகக் கூட்டத்தில் வாயைத் திறந்து, "ஏகமனதாக நிறைவேறியது" என்றார். நான் ஒரு எழுத்து விடாமல் எழுதிக்கொண்டேன். சுப்பையா ரெண்டு பொட்டலத்தையும் வாங்கிக்கொண்டு, வழக்கம்போல மேடைப் பக்கம் வந்து சேர்மனைப் பார்த்து ஒரு பெரிய கும்பிடு போட்டார்: "ஐயா, இந்த வருஷம் திருப்தியா இருந்துச்சா?"

மறுபடியும் ஒரு முதல் தேதி

ஆவணியில் வந்த முதல் தேதி வெள்ளித் தட்டு வரவில்லை. சேர்மன் கவரை வாங்கி எண்ணிப் பார்த்துவிட்டு, வரிப்பிடித்தத்தைப் பார்த்து முனகினார். அம்பாசடர் ஷெட்டில் தூங்கியது. அவர் டவுன் பஸ்சில் வந்தார், அதுவும் ஃபேன் போடுவதற்கு முன்னால் வந்து, ஆபீஸ் காற்றைக் குடித்துவிட்டுச் சாயங்காலம்தான் வீட்டுக்குப் போவார். பசுவை விற்றுவிட்டார்கள். கீழே ஹோட்டலிலிருந்து காபி வர ஆரம்பித்தது, அன்றைக்குத்தான் காபி என்றால் என்ன ருசி என்று எங்களுக்குத் தெரிந்தது.

இனி அவருக்கு ஒரு ரூபாய் என்கிற ஆயுதம் கிடையாதே, அந்தத் தைரியத்தில் நான் மறுபடி உள்ளே போனேன். செல்வி பஸ்சில் ஏறும்போது சொன்ன வார்த்தை முதுகில் கையை வைத்துத் தள்ளியது. இந்த முறை நாக்கு உலரவில்லை, நிமிர்ந்து நின்றே கேட்டேன். "சார், அன்னைக்கு யாரு யாருகிட்ட கேக்கணும்னு கேட்டீக. இப்ப நான் கேக்கலாமா?" அவர் என்னை உட்காரச் சொல்லவில்லை. நல்ல சகுனம் என்று நினைத்துவிட்டேன். ஜன்னல் வழியாகக் கீழே பஸ்சைப் பார்த்துக்கொண்டே சொன்னார்: "ஒரு ரூபாய் வாங்கினப்ப கேட்டிருந்தா ஏதாவது பாத்துச் செஞ்சிருப்பேன் பரமசிவம். இப்ப எனக்கே மாசம் ரெண்டாயிரம் குடுக்க வேண்டியிருக்கே, கம்பெனி எப்படித் தாங்கும்?"

மாமனார் போட்ட கணக்கு

நான் இடிந்துபோய்ப் படியிறங்கினால், கீழே செல்வியின் அப்பா நிற்கிறார். கையில் திண்டுக்கல் டிக்கெட். கடைசியாக ஒரு தரம் பார்த்துச் சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தாராம். ஓட்டுவதற்குக் கார் இல்லாமல் வாசலில் பீடி குடித்துக்கொண்டிருந்த மாயாண்டி அண்ணன் அதற்குள் அவரிடம் பேச்சுக் கொடுத்துவிட்டார். சேர்மன் சம்பளம் ஒரே நாளில் ரெண்டாயிரம் ஆன கதை முழுக்கச் சொல்லியாகிவிட்டது.

மனுஷர் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒண்ணுலருந்து ரெண்டாயிரமா! கம்பெனி பொங்குதுன்னு சொல்லுங்க மாப்ள!" என்றார். "இல்ல மாமா, எனக்கு இன்னும் அதே நூத்தி எழுவத்தஞ்சுதான். இப்பத்தான் கேட்டுட்டு வாரேன், முடியாதுன்னுட்டாரு" என்று உள்ளதைச் சொன்னேன். அவர் மாயாண்டி அண்ணனைப் பார்த்துக் கண்ணடித்தார். "பாத்தீகளா அடக்கத்தை? சேர்மன்கிட்ட இருந்து கத்துக்கிட்டது!" நான் செத்தாலும் பொய் இல்லை என்று அடித்துச் சொன்னேன். அவர் டிக்கெட்டைக் கிழித்துச் சாக்கடையில் போட்டுவிட்டு, முகூர்த்தம் பார்க்க ஜோசியர் வீட்டுக்குப் போய்விட்டார்.

ஆவணிக் கடைசி முகூர்த்தத்தில் திருப்பரங்குன்றத்தில் கல்யாணம் நடந்தது. சேர்மன் டவுன் பஸ்சில் வந்து, ஒரு கவரை என் கையில் அழுத்திக் கொடுத்துவிட்டு, மூன்று பந்தியிலும் சாப்பிட்டுவிட்டுப் போனார். கவரைப் பிரித்தால் மடிப்பே இல்லாத புது ஒரு ரூபாய் நோட்டு. எல்லாரும் போனபிறகு செல்வியிடம் அதைக் காட்டி, உன் அப்பாவை நான் ஏமாற்றவில்லை, உண்மையைத்தான் சொன்னேன், எனக்கு இன்னும் நூற்று எழுபத்தைந்துதான் என்றேன். "தெரியும்" என்றாள். "நான் டீச்சர் வேலையில முந்நூறு வாங்குறேன், அதுவே நமக்குப் போதும்னு எங்கப்பாகிட்ட முதல் நாள்லருந்து சொல்றேன், காதுல வாங்கினாத்தானே." நோட்டை வாங்கிச் சாமி படத்தில் சொருகினாள். பிறகு என்னைப் பார்த்தாள்: "எங்கப்பா ஒரு ரூவா வாங்குன சேர்மனை நம்பிப் பயந்தாரு, ரெண்டாயிரம் வாங்குற சேர்மனை நம்பிச் சம்மதிச்சாரு. உங்களை நம்பி வந்தது நான் ஒருத்திதான்."

சேர்மன் ஒரு ரூபாய் வாங்கினாலும் ரெண்டாயிரம் வாங்கினாலும் நம் சம்பளம் ஏறாது, ஆகையால் சகபாவிகளே, முதலாளியிடம் இன்கிரிமென்ட் கேட்பதற்கு முன்னால் ஒரு நல்ல டீச்சரைப் பார்த்துக் கல்யாணம் செய்துகொள்வதுதான் எனக்குத் தெரிந்த ஒரே உருப்படியான இன்சூரன்ஸ்.